ஓட்டு யார் கையில்?



கிரிப்டோவைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். எந்தக் காயின் ஏறும், எது இறங்கும் என்று சொல்ல நான் வரவில்லை. அதிகாரத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இதற்கு முதலாளி கிடையாது, தலைமை அலுவலகம் கிடையாது, யாரும் யாருக்கும் மேலே இல்லை என்று சொல்லித்தான் இந்த வலைப்பின்னல்கள் மக்களிடம் வந்தன. அந்தச் சொல் உண்மையானதா? நடந்த ஒரு விவகாரத்தை எடுத்துப் பார்த்துவிடுவோம்.

ஸ்டீம் என்றொரு பிளாக்செயின், அதாவது பல கணினிகள் சேர்ந்து வைத்திருக்கும் கணக்கேடு. நெட் ஸ்காட், டேன் லாரிமர் இருவரும் 2016-இல் தொடங்கியது. அதன்மேல் ஸ்டீமிட் என்ற தளம் இயங்கியது. நீங்கள் ஒரு கட்டுரை எழுதுகிறீர்கள். படித்தவர்கள் ஓட்டுப் போடுகிறார்கள். உங்கள் கணக்கில் காயின் சேருகிறது. எழுதுகிறவனுக்குக் கூலி கொடுத்த இடம் அது. எழுதிப் பிழைப்பது எத்தனை சிரமம் என்று அறிந்த இந்த அவைக்கு அதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த வலைப்பின்னலின் பிடி முக்கியமாக 20 பேர் கையில் இருந்தது. சாட்சிகள் என்று அவர்களை அழைத்தார்கள். கணக்கேட்டில் புதிய வரவுகளை எழுதுவது அவர்கள். விதியை மாற்றும் மென்பொருளை ஏற்பதும் மறுப்பதும் அவர்கள். இருபதில் 17 பேர் ஒப்புக்கொண்டால் விதி மாறிவிடும். சரி, அந்த 20 பேரை யார் தேர்ந்தெடுத்தார்கள்? காயின் வைத்திருந்தவர்கள். தலைக்கு ஒரு ஓட்டு அல்ல ஐயா, காயினுக்கு ஒரு ஓட்டு!

இன்னொன்றையும் கூர்ந்து கவனியுங்கள். ஒரு கணக்கிலிருந்து 30 சாட்சிகள் வரை ஆதரிக்கலாம். முப்பது பேருக்குப் போட்டாலும் ஓட்டின் எடை பங்காகிக் குறையாது. ஒவ்வொருவருக்கும் முழு எடை. நாற்காலியோ இருபதுதான். அப்படியானால் என்ன ஆகும்? எதிரே நிற்பவர்கள் எல்லோரையும்விடக் கொஞ்சம் அதிகமாகக் காயின் வைத்திருப்பவர் இருபது நாற்காலியையும் அள்ளிக்கொள்ளலாம். நூற்றுக்கு 49 பங்கு வைத்திருப்பவர்களுக்கு ஒரு நாற்காலிகூட மிஞ்சாது.

இந்த ஆபத்து தொடக்கத்திலிருந்தே அங்கே இருந்தது. ஏனென்றால் ஸ்டீமிட் நிறுவனம் ஆரம்ப நாள்களிலேயே ஏராளமான காயினைத் தானே மைனிங் செய்து, அதாவது கணினிகளை ஓட்டிப் புதிதாக உருவாக்கி, வைத்திருந்தது. அதை வளர்ச்சிக்குத்தான் செலவிடுவோம், சாட்சிகளைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டுக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த வாக்கு மென்பொருளில் எழுதப்படவில்லை. வாய்ச்சொல்லாகவே நின்றது.

2020 பிப்ரவரி 14. ட்ரான் என்ற வேறொரு வலைப்பின்னலின் நிறுவனர் ஜஸ்டின் சன் ஸ்டீமிட்டை வாங்கிவிட்டார் என்ற செய்தி வெளியானது. நிறுவனம் கைமாறியது, காயினும் கைமாறியது, வாய்ச்சொல் கைமாறுமா? சாட்சிகள் பயந்தார்கள். பத்து நாள்களுக்குள் மென்பொருளை மாற்றி, அந்தக் காயின்கள் ஓட்டுப் போட முடியாதபடி முடக்கினார்கள். மார்ச் 2 அன்று பதிலடி வந்தது. 20 சாட்சிகளும் மேலிடத்திலிருந்து கீழே தள்ளப்பட்டார்கள். அந்த இடங்களில் புதிய கணக்குகள் வந்து உட்கார்ந்தன.

முடக்கப்பட்ட காயினை வைத்துக்கொண்டு ஜஸ்டின் சன்னால் இதை எப்படிச் செய்ய முடிந்தது? பைனான்ஸ், ஹுவோபி, போலோனிக்ஸ் என்ற மூன்று எக்ஸ்சேஞ்சுகள், அதாவது காயின் வாங்கி விற்கும் சந்தைகள், தம்மிடம் இருந்த ஸ்டீமை எடுத்து ஓட்டுப் போட்டன. அந்த ஸ்டீம் வாடிக்கையாளர்களுடையது! நீங்கள் பேங்கில் போட்ட பணத்தைக் காட்டி, மேனேஜர் உங்கள் பஞ்சாயத்துத் தலைவரைத் தேர்ந்தெடுத்தால் சும்மா இருப்பீர்களா? அது மட்டுமல்ல. ஓட்டுரிமை வேண்டுமானால் காயினைப் பூட்டி வைக்க வேண்டும். பூட்டியதை முழுவதுமாக வெளியே எடுக்க 13 வாரம் ஆகும். அடுத்தவர் பொருளை இப்படிப் பூட்டினார்கள். வழக்கமான மென்பொருள் மேம்பாடு என்று நினைத்துத்தான் ஒப்புதல் கொடுத்தோம் என்று பைனான்ஸ் தலைவர் சாங்பெங் ஜாவோ விளக்கம் சொன்னார். எதிர்ப்பு வலுத்ததும் பைனான்சும் ஹுவோபியும் ஓட்டைத் திரும்பப் பெற்றன.

மார்ச் 20 அன்று ஸ்டீம் மக்களில் பெரும்பகுதியினர் பிரிந்து ஹைவ் என்ற புதிய சங்கிலியைத் தொடங்கினார்கள். பழைய கணக்குகளின் இருப்பை அப்படியே நகலெடுத்தார்கள். ஸ்டீமிட் நிறுவனத்தின் பங்கையும், அதன் பக்கம் நின்ற சில கணக்குகளின் பங்கையும் மட்டும் விட்டுவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து, மே 20 அன்று, பழைய சங்கிலியில் ஹார்டு ஃபோர்க் என்ற விதிமாற்றம் ஒன்று நடந்தது. ஜஸ்டின் சன்னை எதிர்த்தவர்களுடைய 64 கணக்குகளிலிருந்து சுமார் 2 கோடியே 36 லட்சம் ஸ்டீம் காயின்களை மென்பொருளே பிடுங்கியது. அன்றைய விலையில் ஏறக்குறைய 50 லட்சம் டாலர்.

நான் ஒரு பக்கச் சார்பாகப் பேசவில்லை. காசு கொடுத்து வாங்கியவரின் காயினை முதலில் முடக்கியவர்கள் சாட்சிகள்தான். இருபது பேர் கூடி ஒருவருடைய சொத்தின் உரிமையை நிறுத்திவைக்க முடிந்தது என்றால், ஜஸ்டின் சன் வருவதற்கு முன்பே அங்கே அதிகாரம் ஒரு சிலர் கையில்தான் இருந்திருக்கிறது. அதை நாம் ஒத்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் பரவலான அதிகாரம் என்பதே பொய்யா? இல்லை. 2017 மே மாதம் நியூயார்க்கில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் பிட்காயினின் பிளாக் அளவை, அதாவது கணக்கேட்டின் ஒரு பக்கத்தின் அளவை, இரட்டிப்பாக்க உடன்பாடு செய்துகொண்டன. மைனிங் திறனில் பெரும்பகுதியும் அவர்கள் பக்கம். ஆனாலும் நவம்பரில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். அங்கே காயினை எண்ணி ஓட்டெடுக்கும் முறை கிடையாது. தன் வீட்டுக் கணினியில் பிட்காயின் மென்பொருளை ஓட்டுகிற சாதாரண மனிதன், தனக்கு ஒப்பாத விதியில் வரும் பிளாக்கை ஏற்க மறுக்கலாம். அந்த மறுப்புக்கு முன்னால் பெரிய நிறுவனங்கள் பின்வாங்கின.

ஸ்டீமுக்கும் பிட்காயினுக்கும் வேறுபாடு எங்கே இருக்கிறது? முதலீட்டாளர் எதற்காகக் காயின் வாங்குகிறார்? விலை ஏறும் என்று. ஓட்டுப் போடுவதால் அவர் கைக்கு வருவது எதுவுமில்லை, நேரம்தான் போகும். காயினை இயக்கும் ரகசியச் சாவியைத் தானே காப்பாற்றுவது தலைவலி. ஆகவே எக்ஸ்சேஞ்சிலேயே விட்டுவைக்கிறார். இப்படி லட்சம் பேர் விட்டுவைத்த ஓட்டு ஒரே அறையில் குவிகிறது. காயினுக்கு ஓட்டு என்று விதி எழுதிய வலைப்பின்னலில், அந்த அறைக்குச் சாவி வைத்திருப்பவர்தான் ஆட்சி செய்வார்.

காயினை எக்ஸ்சேஞ்சில் விட்டுவைக்கும் ஆபத்து நம் ஊருக்கும் வந்துவிட்டது. 2024 ஜூலையில் வசீர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சில் சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் திருடுபோயின. திருடுபோகாத காயின் வைத்திருந்தவர்களின் கணக்குகளும் முடங்கின. அப்படி முடங்கிய ஒரு முதலீட்டாளர் தொடுத்த வழக்கில், 2025 அக்டோபரில் நம் சென்னை உயர் நீதிமன்றம் கிரிப்டோ ஒரு சொத்து என்றும், ஒருவருக்காக மற்றவர் நம்பிக்கைப் பொறுப்பில் அதை வைத்திருக்க முடியும் என்றும் சொன்னது. மனமார வரவேற்க வேண்டிய தீர்ப்பு. ஆனால் சொத்தோடு ஒட்டியிருக்கும் ஓட்டு யாருடையது? அந்தக் கேள்வியை இனி நாம்தான் கேட்க வேண்டும்.

தம்பிகளே, தங்கைகளே! கைப்பேசியில் காயின் வைத்திருப்பவர்கள் இங்கே இருப்பீர்கள். வீட்டுக்குப் போனதும் உங்கள் எக்ஸ்சேஞ்சின் ஒப்பந்தத்தைத் திறந்து, உங்கள் காயினை வைத்து அவர்கள் ஓட்டுப் போட அனுமதி கொடுத்திருக்கிறீர்களா என்று படித்துப் பாருங்கள். அந்தக் காயினை அதிகம் வைத்திருக்கும் முதல் இருபது கணக்குகள் எவை என்று தேடுங்கள். பெரும்பாலான பிளாக்செயின்களில் அது எவரும் பார்க்கக்கூடிய பட்டியல். பார்த்துவிட்டு, அதன்பிறகு விலையைப் பாருங்கள்.