சீவரமும் சீலமும்



யாருடைய நினைவாகக் கூடியிருக்கிறோமோ, அவர் இரவுப் பள்ளி நடத்தியவர். யார் வந்து பேசினாலும், முடிந்ததும் பிள்ளைகளைப் பார்த்து, "கேள்வி இருக்கா?" என்பார். எல்லோரும் சும்மா இருந்தால், "கேள்வி இல்லையென்றால் யாரும் கேட்கவில்லை என்று அர்த்தம்" என்பார். அவருக்குச் செய்யும் மரியாதையாக, நாம் கேட்கத் தயங்கும் ஒரு கேள்வியை இன்று எடுத்துக்கொள்கிறேன். நமக்குத் தம்மம் சொல்ல வருகிறவரை நாம் எதை வைத்து நம்புவது?

வரும் வழியில் மூவர் கோயிலைப் பார்த்திருப்பீர்கள். மூன்றில் இரண்டு நிற்கின்றன. இருக்குவேள் மரபில் வந்த பூதி விக்கிரமகேசரி கட்டியது. மல்லிகார்ச்சுனர் என்ற காளாமுகத் துறவிக்கு ஒரு பெரிய மடமும், 50 துறவிகளுக்குச் சோறிட 11 ஊர்களும் கொடுத்ததாக அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. குருவின் பெயர் இருக்கிறது, அவருடைய குருக்களின் பெயரும் இருக்கிறது. அந்த 11 ஊர்களில் உழுது அறுத்தவர்களின் பெயர் இல்லை. நெல் கொடுத்தவர்களுக்கு அந்தக் குருவைக் கேள்வி கேட்க உரிமை இருந்ததாக ஒரு வரியும் இல்லை.

அது சைவ மடம், பௌத்தம் அப்படியல்ல என்று சொல்லத் தோன்றும். அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது. 1959 செப்டம்பர் 25 அன்று இலங்கைப் பிரதமர் பண்டாரநாயக்காவை அவர் வீட்டிலேயே சுட்டவர் சீவரம் அணிந்த பிக்கு, தல்துவே சோமராமர். அதற்குச் சதி செய்ததாகத் தண்டிக்கப்பட்டவர்களில் ஒருவர் களனி விகாரையின் தலைமைப் பிக்கு புத்தரக்கிதர்.

நமக்கு இன்னும் நெருக்கமான ஒன்றைச் சொல்கிறேன். 1956 டிசம்பர் 6 அன்று பாபாசாகேப் மறைந்தபோது, நாக்பூரில் திகைத்து நின்ற மக்களிடையே ஆறுதல் பேசியவர் சங்கரக்ஷிதர் என்ற ஆங்கிலேயப் பிக்கு. அடுத்த ஆண்டுகளில் மகாராட்டிரத்தில் புதிதாகத் தீட்சை பெற்ற நம் மக்களிடையே ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1967இல் இலண்டனில் அவர் தொடங்கிய இயக்கம் பின்னர் இந்தியாவிலும் விடுதிகள் நடத்தியது, நம் பிள்ளைகள் அங்கே தங்கிப் படித்தார்கள். அதே சங்கரக்ஷிதர் இங்கிலாந்தில் தம்மிடம் பயின்ற இளைஞர்களோடு பாலுறவு கொண்டார், குரு என்ற செல்வாக்கை அதற்குப் பயன்படுத்தினார் என்ற புகார்களை 1997இல் கார்டியன் நாளிதழ் வெளியிட்டது. 2016 இறுதியில், தம்மால் புண்பட்டவர்களுக்கு அவர் வருத்தம் தெரிவித்தார். இடையில் 19 ஆண்டுகள். 2018இல் இறந்தார்.

ஆணும் ஆணும் உறவு கொண்டது குற்றம் என்று நான் சொல்லவில்லை. மறுத்தால் குருவையும் இழப்போம், கூட்டத்தையும் இழப்போம் என்ற நிலையில் இருப்பவரின் சம்மதம் எப்படிப்பட்ட சம்மதம் என்பதே கேள்வி. அவர் நம் மக்களுக்குச் செய்த பணி பொய்யா? இல்லை. புண்பட்டவர்கள் சொன்னது பொய்யா? அதுவும் இல்லை. ஒன்றை வைத்து மற்றொன்றைக் கழித்துவிட முடியாது.

தோழர்களில் சிலர் சொல்வார்கள்: "ஏற்கெனவே நம்மை அடிக்கக் காத்திருக்கிறார்கள், இதையெல்லாம் வெளியே பேசலாமா?" இந்தக் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் வேங்கைவயல் இருப்பது இதே மாவட்டத்தில்தான். 2022 டிசம்பரில் குடிநீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். அப்படிப்பட்ட அவமானத்திலிருந்து வெளியேறித் தம்மத்தைத் தேடி வருகிறவர் முழு நம்பிக்கையோடு வருகிறார். அவருக்குத் திரும்பிப் போக வீடில்லை. அவரை ஏமாற்றுகிற குரு செய்வது இரட்டைத் துரோகம். அதை மூடி மறைத்தால் நாமும் அதில் பங்காளிகள்.

கேட்பது தம்மத்துக்கு விரோதமும் அல்ல. மஜ்ஜிம நிகாயத்தில் வீமம்சக சுத்தம் என்று ஒன்று இருக்கிறது. ததாகதரையே கண்ணால் பார்த்தும் காதால் கேட்டும் ஆராய்ந்த பிறகு நம்புங்கள் என்று புத்தர் அதில் சொல்கிறார். உதாயி என்ற பிக்கு ஒரு பெண்ணோடு மறைவான இடத்தில் தனித்திருந்ததைக் கண்டு சொன்னவர் விசாகை, ஒரு குடும்பப் பெண். நம்பத்தக்க உபாசிகை ஒருவர் சொன்னால் சங்கம் அதை எடுத்து விசாரிக்க வேண்டும் என்ற விதி அதிலிருந்து பிறந்தது. கோசாம்பியில் பிக்குகள் புத்தரின் சொல்லையும் கேளாமல் சண்டையிட்டபோது, ஊர்மக்கள் வணங்குவதையும் பிச்சையிடுவதையும் நிறுத்தினார்கள். அதன் பிறகுதான் பிக்குகள் சமாதானமானார்கள். சோறு போடுகிறவருக்குக் கேட்க உரிமை இருந்தது.

நம் மணிமேகலையும் வஞ்சியில் சமயக் கணக்கர்கள் எல்லோரையும் கேட்டு முடித்த பிறகே காஞ்சியில் அறவண அடிகளிடம் தம்மம் கேட்கிறாள். 1898இல் இலங்கை சென்று சுமங்கல நாயக்கரிடம் பஞ்சசீலம் பெற்ற அயோத்திதாசப் பண்டிதர், நமக்கு "வேஷ பிராமணர்" என்ற சொல்லைத் தந்தார். ஒழுக்கம் இல்லாமல் கோலத்தை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் என்பது அதன் பொருள். அந்த அளவுகோலைப் பிறர் மீது மட்டும் வைத்தால் போதுமா? வேஷ பிக்குவும் இருக்க முடியும்.

பிக்குவைப் படைத்ததில் புத்தரின் நோக்கம் என்ன, தன்னளவில் நிறைவான மனிதனா அல்லது சமூகத் தொண்டனா என்று "புத்தரும் அவர் தம்மமும்" முன்னுரையில் பாபாசாகேப் கேட்டார். 1956 அக்டோபர் 14 அன்று சந்திரமணி மகாதேரரிடம் திரிசரணமும் பஞ்சசீலமும் பெற்றார். பெற்ற கையோடு, சீவரம் அணியாத அவரே லட்சக்கணக்கான மக்களுக்குத் தீட்சை கொடுத்தார். தம்மத்துக்கும் நமக்கும் நடுவில் இடைத்தரகர் தேவையில்லை என்பதையே அதில் நான் காண்கிறேன்.

ஆகவே மாணவர்களுக்குச் சில நடைமுறைச் சொற்கள். ஒருவரின் சீலம் கூட இருந்து நெடுநாள் பார்த்தால்தான் தெரியும், ஒரு முகாமில் தெரியாது. கணக்குக் கேளுங்கள், கேட்டதும் முகம் மாறுகிறதா என்று பாருங்கள். "இதை யாரிடமும் சொல்லாதே" என்று ஆசான் சொன்னால், அன்றே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். புகார் சொல்ல வருகிற பெண்ணையோ பிள்ளையையோ, "இயக்கத்துக்குக் கெட்ட பெயர்" என்று அனுப்பிவிடாதீர்கள். இந்த மன்றத்திலும் அதற்கென்று மூன்று பேர், அதில் இரண்டு பேர் பெண்கள், இன்றே பொறுப்பேற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இது என் மீதும் பொருந்தும், மேடையில் இருக்கும் எல்லோர் மீதும் பொருந்தும்.

என் பேச்சு முடிந்தது. ஐயா இருந்திருந்தால் கேட்டிருப்பதை நான் கேட்கிறேன். கேள்வி இருக்கா?

ஜெய்பீம்.