கதிரியக்கக் கழிவும் அரசாங்கத்தின் கண்காணிப்பும்

(ஜொகூர் பாரு கருத்தரங்கில் நிகழ்த்திய தலைமை உரை)



கதிரியக்கக் கழிவு நிலையங்களில் நீர் கசிந்தால் அதைக் கண்டறிந்து தடுக்க வேண்டிய அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும், அது எவருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது என்பதை ஆராய்வதற்கு இச்சபை ஜொகூரில் கூடியிருப்பது மிகவும் பொருத்தமென்றே கருதுகிறேன். இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத பாசிர் கூடாங்கில், 2019 மார்ச் 7-ஆம் தேதி சுங்கை கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவின் வாயு, முதலில் அக்கம்பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளையும், பின்னர் ஊராரையும் தாக்கி, மூச்சுத் திணறலோடும் வாந்தியோடும் ஆயிரக்கணக்கானோரைச் சிகிச்சைக்கு அனுப்பி, ஒரு வாரத்துக்குள் 111 பள்ளிகளை மூடவைத்ததை நாம் யாவரும் அறிவோம். அந்தத் தூய்மைக்கேட்டில் கதிரியக்கம் சம்பந்தப்படவில்லை. ஆயினும் நம் விஷயத்துக்கு அது ஒரு பாடம். கிம் கிம்மில் ஜனங்களுக்கு எச்சரிக்கை கொடுத்தது நாற்றம். கதிரியக்கத்துக்கோ நாற்றமும் இல்லை, நிறமும் இல்லை. கருவியும், அக்கருவியைப் பார்க்கும் நேர்மையான அதிகாரியும் இல்லாத இடத்தில், அதன் பக்கத்தில் குடியிருப்பவனுக்குத் தன்னைக் காத்துக்கொள்ள யாதொரு மார்க்கமும் கிடையாது.

நம் தேசத்திலேயே இதற்குப் பெரிய சாட்சி பேராக் மாநிலத்தின் புக்கிட் மேரா. ஈய லம்பங்களில் எஞ்சிய அமாங் மணலிலிருந்து பிரிக்கப்பட்ட மோனசைட்டைக் கொண்டு அருமண் உலோகங்களை எடுக்கும் ஏஷியன் ரேர் எர்த் தொழிற்சாலை, ஈப்போவுக்கு அருகே 1982-இல் வேலையைத் தொடங்கிற்று. மோனசைட்டில் தோரியம் உண்டு. உலோகம் விலைக்குப் போக, தோரியம் கழிவில் தங்கிவிடும். அதன் கதிரியக்கம் பாதியாகக் குறையவே சுமார் 1,400 கோடி ஆண்டுகள் செல்லும். இத்தகைய பொருளைக் கையாளும் ஆலைகளுக்கு உரிமம் வழங்கி மேற்பார்வை செய்வதற்கான அணுசக்திச் சட்டம் 1984-இல் இயற்றப்பட்டு, அதன்படி அணுசக்தி உரிமம் வழங்கும் வாரியம் 1985-இல்தான் அமைந்தது. ஆலை முன்னே வந்தது. காவல் பின்னே வந்தது. கழிவைப் புதைக்கப் பாப்பான் கிராமத்தருகே செய்த ஏற்பாடு ஊராரின் எதிர்ப்பால் நின்றுபோயிற்று என்பதையும் இங்கே நினைவுகூர்வது நியாயம். சட்டம் உறங்கிக் கிடந்த காலத்தில் அங்கே காவல் காத்தவர்கள் ஏழை எளிய கிராமத்து ஜனங்களே.

1985-இல் புக்கிட் மேரா வாசிகள் எண்மர் ஈப்போ உயர் நீதிமன்றத்தை நாடினார்கள். அவ்வாண்டிலேயே தடையுத்தரவு பிறந்தது. இருந்தும் 1987-இல் வாரியம் ஆலைக்கு உரிமம் அளித்தது. 1992 ஜூலையில் நீதிமன்றம் ஊராருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றிற்று. உரிமத்தை ரத்துசெய்யும் அதிகாரம் வாரியத்துக்கு இருக்கையில் அவர்கள் அங்கேயே முறையிட்டிருக்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் காரணங்களுள் ஒன்று. எந்த வாரியத்தின் உரிமத்தை எதிர்த்து ஜனங்கள் இத்தனை ஆண்டு வழக்காடினார்களோ, அதே வாரியத்தின் வாசலுக்கு அவர்களைத் திருப்பியனுப்பிய இத்தீர்ப்பை, சட்டம் பயில்வோர் ஆழ்ந்து படிக்க வேண்டுமென்பது என் அபிப்பிராயம். வழக்கில் வென்றும், நாடெங்கும் கிளம்பிய எதிர்ப்பினால், 1994-இல் நிறுவனம் ஆலையை மூடிவிட்டது. சுத்திகரிப்பு வேலையோ அதன் பின்னும் பல்லாண்டு நீடித்தது.

இனித் தமிழகத்துக்கு வருவோம். கல்பாக்கத்தில் அணு எரிபொருளை மறுபதனம் செய்யும் ஆலை ஒன்று உண்டு. அதன் கழிவுத் தொட்டி வளாகத்தில் கடும் கதிரியக்கமுள்ள கழிவுநீர் ஒரு தொட்டியிலும், குறைந்த கதிரியக்கமுள்ளது வேறு தொட்டியிலும் இருந்தன. இரண்டுக்கும் இடையே ஒரு வால்வு. 2003 ஜனவரியில் அந்த வால்வு பழுதுபட்டுக் கடுங்கழிவு மறுபக்கம் கசிந்தது. அதை அறியாத ஊழியர்கள் வழக்கம்போல் மாதிரி எடுக்கச் சென்று, எடுத்த நீரைப் பரிசோதனைக்குக் கொண்டுபோன பின்னரே உண்மை வெளிப்பட்டது. அதற்குள் ஆறு பேர் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளாகிவிட்டார்கள். வால்வின் பழுதைக் காட்டிக்கொடுக்கும் கதிர்வீச்சுமானி அவ்விடத்தில் பொருத்தப்படவேயில்லை! ஆபத்தின் அளவை நிர்வாகம் வெளிப்படையாக ஒப்புக்கொள்ள ஆகஸ்டு மாதம் வரை சென்றது.

இந்தச் சம்பவத்துக்கு மூன்றாண்டு முன்பு, 2000-ஆம் ஆண்டில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் நிலையங்கள் இந்திய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் மேற்பார்வையிலிருந்து விலக்கப்பட்டு, அம்மையத்தின் சொந்தக் குழுவிடமே பாதுகாப்புப் பரிசீலனை ஒப்படைக்கப்பட்டிருந்தது. கல்பாக்கத்து மறுபதன ஆலையும் அம்மையத்தைச் சேர்ந்ததே. வெளியிலிருந்து ஒருவர் வந்து கேள்வி கேட்டிருந்தால் அந்த மானி அங்கே இருந்திருக்குமா என்பதை நிச்சயமாகச் சொல்ல எவராலும் இயலாது. கேட்பதற்குரிய ஆளையே அகற்றிவிட்டது பெரும் பிழை என்று சொல்ல நான் தயங்கவில்லை. அவ்வாரியம்கூட அப்போது அணுசக்தி ஆணையத்துக்கே பதில் சொல்லிற்று. அணுசக்தித் துறையின் செயலாளரே ஆணையத்தின் தலைவர். ஆலையை நடத்தி இலாபமோ புகழோ அடைகிற துறையிடமே அதன் குற்றங்களை விசாரிக்கும் பொறுப்பையும் கொடுப்பது எந்த நாட்டிலும் தகாது.

குவந்தானுக்கு அருகே கெபெங்கில் லைனாஸ் நிறுவனத்தின் அருமண் ஆலை இன்றும் தோரியம் கலந்த கழிவை உண்டாக்கி வருகிறது. ஆகவே இவ்விஷயம் பழங்கதையாகிவிடவில்லை. பௌதிகமும் இரசாயனமும் பயின்ற நீங்கள் கழிவின் குணங்களைப் பற்றி எவ்வளவோ பேசுவீர்கள். அதனோடு, பரிசோதனை அறிக்கைகள் எத்தனை நாளில் ஊர் மக்களின் கைக்குச் சேர வேண்டும், அவை மலாயிலும் சீனத்திலும் தமிழிலும் எழுதப்பட வேண்டாமா, பரிசோதகரை நியமிப்பவர் யார், அவருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பவற்றையும் இந்தச் சபை விவாதித்து, முடிவில் தெளிவான தீர்மானமாக எழுதி அரசாங்கத்துக்கு அனுப்ப வேண்டுமென்று உங்களை மிகப் பணிவுடன் கேட்டுக்கொண்டு, இக்கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.