கால்வாய்ப் படகும் தள்ளுபடிக் கணக்கும்



இந்த மாதம் படகைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். நாள் முழுக்கக் கணக்கு எழுதுகிறவனுக்குப் படகில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். எப்படியும் கடைசியில் கணக்கில்தான் வந்து நிற்பேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் 'நேரோபோட்' என்று ஒரு வகைப் படகு உண்டு. அகலம் சுமார் 7 அடிதான். நீளமோ 70 அடி வரை போகும். பார்த்தால் ரயில் பெட்டியைத் தண்ணீரில் இறக்கிவிட்டது போல இருக்கும். அங்கே பல கால்வாய்களில் படகை மேலே ஏற்றி இறக்கும் 'லாக்' என்னும் தொட்டிகளை அந்த அளவுக்குத்தான் கட்டினார்கள். தொட்டிக்குத் தக்க படகு. வேகம் மணிக்கு 4 மைல், அதாவது நாம் சற்று வேகமாக நடக்கிற வேகம். ஒரு காலத்தில் இவை நிலக்கரி சுமந்தன. படகோட்டியின் குடும்பம் முழுவதும் பின்பக்கத்துச் சின்ன அறையிலேயே சமைத்து, உறங்கி, பிள்ளை வளர்த்தது.

ரயிலும் லாரியும் வந்த பிறகு கால்வாய்கள் ஒவ்வொன்றாகப் பாழடைந்தன. அப்போது எல்.டி.சி. ரோல்ட் என்ற பொறியாளர் தம் மனைவியோடு ஒரு பழைய படகில் குடியேறிக் கால்வாய்களைச் சுற்றிவந்து, 1944இல் அந்தப் பயணத்தைப் புத்தகமாக வெளியிட்டார். 1946இல் கால்வாய்களைக் காக்க ஒரு சங்கம் தொடங்கியது. 1950 ஆகஸ்டில் மார்க்கெட் ஹார்பரோ என்ற ஊரில் 100க்கும் மேற்பட்ட படகுகள் கூடின. இன்று அங்கே வார இறுதிகளில் நடக்கும் படகுத் திருவிழாக்களுக்கெல்லாம் முன்னோடி அதுதான். பார்க்கத் திருவிழா, உள்ளே ஒரு போராட்டம். படகு போய்க்கொண்டிருக்கும் கால்வாயை மூடுவது யாருக்கும் சுலபமில்லை அல்லவா?

இப்போது நம் ஊருக்கு வருவோம். நியூ ஜெர்சியில் இருக்கும் நம்மில் பலர் டெலவேர்–ராரிட்டன் கால்வாய்க் கரையில் நடந்திருப்போம், சைக்கிள் ஓட்டியிருப்போம். நாம் நடக்கும் அந்தப் பாதை, கோவேறு கழுதைகள் படகை இழுத்துக்கொண்டு நடந்த பாதை. போர்டன்டவுனிலிருந்து நியூ பிரன்ஸ்விக் வரை 44 மைல். அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் கிளைக் கால்வாய் 22 மைல். 1830இல் தொடங்கி 1834இல் திறந்தார்கள். மண்வெட்டியும் கூடையுமாக வெட்டியவர்களில் பெரும்பாலோர் அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். காலரா வந்து பலர் இங்கேயே மாண்டார்கள்.

பென்சில்வேனியா நிலக்கரி நியூ யார்க்குக்குப் போனது இந்த வழியாகத்தான். 1871இல் ஒரு ரயில் கம்பெனி இதைக் குத்தகைக்கு எடுத்தது. 1892தான் கால்வாய் லாபம் கண்ட கடைசி ஆண்டு என்கிறார்கள். 1932இல் படகுப் போக்குவரத்து நின்றது. கணக்குப்படி பார்த்தால் அன்றே தள்ளுபடி எழுதிவிட வேண்டிய சொத்து. ஆனால் மாநில அரசு 1930களில் அதை எடுத்துக்கொண்டு, குடிநீர் கொண்டுபோகும் வாய்க்காலாக மாற்றியது. 1974இல் அது மாநிலப் பூங்காவாகவும் ஆனது. இன்று மத்திய நியூ ஜெர்சியில் லட்சக்கணக்கானவர்கள் குழாயைத் திறந்தால் வருவது இந்தத் தண்ணீர்தான். காலையில் நாம் போடும் காபியிலும் அது இருக்கலாம்.

சென்ற இலையுதிர் காலத்தில் நண்பர்கள் நால்வர் இரண்டு கனூக்களை வாடகைக்கு எடுத்துக்கொண்டு கிங்ஸ்டனிலிருந்து கிரிக்ஸ்டவுன் வரை துடுப்புப் போட்டோம். சுமார் 5 மைல். ஒரு பக்கம் கழுதைப் பாதை, மரங்களுக்கு அப்பால் மில்ஸ்டோன் ஆறு. விழுந்து கிடந்த மரங்களின் மேல் ஆமைகள் வரிசையாக வெயில் காய்ந்தன. லெமன் சாதமும் உருளைக்கிழங்குக் கறியும் கட்டிக்கொண்டு போயிருந்தோம். கரையில் உட்கார்ந்து சாப்பிடும்போது பேச்சு தானாகவே சென்னைக்குப் போய்விட்டது.

நமக்கும் ஒரு கால்வாய் இருக்கிறதே! 1806இல் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டத் தொடங்கிய சிறு கால்வாய், பிறகு வடக்கே ஆந்திராவுக்கும் தெற்கே மரக்காணத்துக்கும் நீண்டது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியை வெட்டியது 1877–78இல், தாது வருஷப் பஞ்ச நிவாரண வேலையாக. பசித்த வயிறுகள் வெட்டிய வாய்க்கால் அது. பெயர் மட்டும் அன்றைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவுடையது. 1934இல் பாரதிதாசன் நண்பர்களோடு நிலா வெளிச்சத்தில் இதில் தோணியேறி மாமல்லபுரம் போனார். 'மாவலிபுரச் செலவு' என்ற பாட்டு அப்படிப் பிறந்தது. படகை இழுத்துப் பாடுபட்ட மனிதர்களையும் அதில் அவர் மறக்கவில்லை.

1965, 66 புயல்கள் கால்வாயைச் சேதப்படுத்தின. லாரிகள் சரக்கை எடுத்துக்கொண்டன. 1990களில் பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே இறங்கின.

இதற்கு ஒரு ஜோடி நம் பக்கத்திலேயே உண்டு. நுவர்க்கில் லைட் ரயில் ஏறுகிறவர்கள் கவனியுங்கள். 1935இல் அந்தப் பாதையைப் போட்டது, 1924இல் கைவிடப்பட்ட மோரிஸ் கால்வாயின் படுகையில்தான். அப்படியானால் சென்னையை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும்? வித்தியாசம் இருக்கிறது. நுவர்க்கில் கால்வாயின் தண்ணீரை வடித்துவிட்டு, அதன் வேலையை முடித்து, பிறகு ரயிலை விட்டார்கள். சென்னையில் படகுதான் நின்றதே தவிர, கால்வாயின் வேலை நிற்கவில்லை. கடலோரமாக ஓடி மழை வெள்ளத்தை வாங்கிக்கொள்வது அதன் தினசரி உத்தியோகம். அந்த வேலையில் இருக்கும்போதே அதன் இடத்தைப் பிடுங்கிக்கொண்டோம். 2015 டிசம்பரில் வெள்ளம் வந்தபோது, வடிகால்கள் சுருங்கிப்போனால் என்ன ஆகும் என்பதை ஊரே பார்த்தது.

கணக்குக்கு வருகிறேன் என்றேன். கால்வாயின் வரவுப் பக்கத்தில் படகுச் சுங்கம் என்ற ஒரே வரிதான் இருந்தது. குடிநீர், வடிகால், நிழல், நடைபாதை என்று எதற்கும் வரி கிடையாது. ஆகவே சுங்கம் நின்றதும் மொத்தமும் நஷ்டமாகத் தெரிந்தது. இங்கே புதிதாக ஒரு வரி சேர்த்தார்கள், கால்வாய் பிழைத்தது. அங்கே 2008இல் தேசிய நீர்வழி என்று அறிவித்தபோதும் படகுக் கணக்கைத்தான் மறுபடி திறந்தோம். வெள்ளக் கணக்கை முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

நேயர்களுக்கு இரண்டு வேண்டுகோள். ஒரு சனிக்கிழமை பிள்ளைகளோடு டெலவேர்–ராரிட்டன் கரைக்குப் போய்வாருங்கள். குழாய்த் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று காட்டுங்கள். அடுத்து, விறகும் உப்பும் ஏற்றிய தோணிகளை அந்தக் கால்வாயில் பார்த்த பெரியவர்கள் யாராவது உங்கள் குடும்பத்தில் இருந்தால், அடுத்த முறை ஊருக்குத் தொலைபேசும்போது கேட்டுப் பதிவு செய்துவையுங்கள். அந்தக் குரல்களை எங்களுக்கு அனுப்பினால் இதே நிகழ்ச்சியில் சேர்த்து ஒலிபரப்புவோம்.

அடுத்த மாதம் சந்திப்போம்.