பழைய கம்ப்யூட்டரைக் கழித்துவிடாதீர்கள்
(நமது சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருப்பது விண்டோஸ் 10-ஆ? அதற்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. மிஷின் வழக்கம்போல ஓடுவதால் பலருக்கு இது தெரியவே இல்லை. ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் இனி தானாக அடைபடாது. பென்ஷன், பேங்க் எல்லாம் அதில்தானே பார்க்கிறீர்கள்?

கடலூரிலோ சிதம்பரத்திலோ கடையில் கேட்டால், "புதுசு வாங்கிடுங்க சார்" என்பார்கள். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறைக்குக் குறையாத பிராசசர் வேண்டும். அது இல்லை என்பதற்காக நன்றாக ஓடும் மிஷினைக் காயலான் கடைக்குப் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் போட்டோக்களை வேறு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். பிறகு செட்டிங்ஸில் அப்டேட் பக்கத்தைத் திறங்கள். மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்தால், 2026 அக்டோபர் 13 வரை அப்டேட் இலவசமாகக் கிடைக்கும். அதற்குப் பிறகு லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம். பயப்பட ஒன்றுமில்லை. 2011-இல் அரசு கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினியிலேயே விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. நம் பிள்ளைகள் பலர் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள், அது வேறு கதை!

இன்னொன்று. "மைக்ரோசாப்டிலிருந்து பேசுகிறோம், அப்டேட் செய்து தருகிறோம்" என்று போன் வந்தால் உடனே வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

உதவி வேண்டுபவர்கள் இன்றே பெயர் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பென்டிரைவோடு வீட்டுக்கே வருகிறேன். பாஸ்வேர்டை மட்டும் என்னிடமும் சொல்லாதீர்கள்.