சொன்னதைக் கேட்கும் பிள்ளை



"ஓய்வுக்காலத்துக்கு உகந்தது பழகிய பொழுதா, புதிய கல்வியா?" புதிய கல்வியே என்று பேச வந்திருக்கிறேன். எதிரணி அம்மையார் கேட்டாங்க: "அறுபது வயசுல கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதி எந்தக் கம்பெனிக்குப் போகப் போறார்?" நீங்களும் கை தட்டினீங்க.

அம்மா, திருவையாற்றிலே பாட்டுக் கற்றவங்க எல்லாருமா கச்சேரிக்குப் போறாங்க? கம்பெனிக்குப் போக வேண்டாம் என்பதுதானே இதிலே சுகமே! கெடு இல்லை, மேலதிகாரி இல்லை.

ஓய்வுபெற்ற மனிதரை நினைத்துப் பாருங்க. நேற்று வரை அவர் கையெழுத்துக்குப் பத்துப் பேர் காத்திருந்தாங்க. இன்றைக்கு ஃபேனை நிறுத்தச் சொன்னால் பேரன்கூட எழுந்திருப்பதில்லை. (சிரிப்பு) கையிலே செல்போன் இருக்கு. 'இதை அழுத்து, அதை நிரப்பு' என்று அது சொன்னதை இவர் செய்கிறார். நிரல் எழுத உட்கார்ந்தால்தான் இவர் சொன்னதை அது செய்யும். ஒரு குறி விட்டுப்போனால் அடம்பிடிக்கும், உண்மைதான். ஆனால் நூறாவது தடவை கேட்டாலும் "அதான் சொன்னேனே தாத்தா" என்று சலித்துக்கொள்ளாது!

ஆங்கிலம் வேண்டுமே என்பீர்கள். முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்ற நிரல்மொழி இருக்கிறது. திரையிலே காட்டு என்பதற்கு 'பதிப்பி'. நிபந்தனைக்கு 'ஆனால்', 'இல்லை'. முடிப்பதற்கு 'முடி'. இலக்கணம் நடத்துகிற எனக்கே ஆசை வருகிறது.

சரி, எதை எழுதுவது? இந்த மண்ணிலேயே இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டிலே தஞ்சை நாயக்கர் அரசவையில் இருந்த வேங்கடமகி 72 மேளங்களை வகுத்தார். சட்ஜமமும் பஞ்சமமும் மாறாது. மத்திமம் 2. ரிஷப காந்தாரச் சேர்க்கை 6. தைவத நிஷாதச் சேர்க்கை 6. பெருக்கினால் 72. இதை நிரலாக்குவது பிராகாரம் சுற்றுவது மாதிரி: வெளிப் பிராகாரத்தை ஒருமுறை சுற்றுவதற்குள் உள் பிராகாரத்தை ஆறுமுறை சுற்ற வேண்டும். சில வரிகள்தான். எழுதி முடித்துத் தட்டினால் கனகாங்கி முதல் ரசிகப்பிரியா வரை 72 மேளமும் வரிசையாக வந்து நிற்கும். வாழ்நாளெல்லாம் சங்கராபரணம் கேட்டவர், அது ஏன் 29ஆவது மேளம் என்று அன்றைக்குத்தான் கையாலே தொட்டுப் பார்க்கிறார். பழகிய பொழுதுக்கு இது பகையா, எதிரணியே?

வயசு தாங்குமா என்றார் இன்னொருவர். ஜப்பானில் மசாகோ வகாமியா என்ற அம்மா. 1935இலே பிறந்தவர், வங்கி ஊழியர். கணினியைத் தொட்டதே ஏறக்குறைய அறுபதில். முதியவர்கள் ஆடி ஜெயிக்கிற மாதிரி செல்போன் விளையாட்டு இல்லையே என்ற குறை அவருக்கு. தானே நிரல் கற்றுக்கொண்டு 2017இலே 'ஹினாடான்' என்ற விளையாட்டை வெளியிட்டார். வயது 81! என்ன விளையாட்டு தெரியுமா? பொம்மைகளைப் படியிலே முறைப்படி அடுக்கணும். நம்ம வீட்டுக் கொலுதான் தாய்மார்களே! (கைதட்டல்)

எந்தக் கம்பெனிக்குப் போகப் போறார் என்று கேட்டீங்களே அம்மா? அந்த ஆண்டே ஆப்பிள் கம்பெனி கலிபோர்னியாவில் நடத்திய மாநாட்டுக்கு அந்தப் பாட்டியை அழைத்தது. நடுவர் மணியைத் தொட்டுவிட்டார்.