தாய்மைக் காலத்தில் இயல்பும் எச்சரிக்கையும்
(மாதர் பிரிவுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சொந்த ஊரிலே கருவுற்ற பெண்ணுக்கு வீட்டுக்கு வீடு ஒரு பாட்டி துணையிருப்பாள். பிழைப்பின் பொருட்டு வடக்கே குடியேறிய நமக்கு அத்துணை வாய்ப்பதில்லை. ஆகவே, எது இயல்பு, எது ஆபத்தின் அறிகுறி என்பதை நாமே அறிந்திருத்தல் அவசியமாகும்.

மசக்கை பெரும்பாலும் ஆறாவது வாரத்தையொட்டித் தோன்றி நான்காம் மாத அளவில் தணியும். கருப்பை அழுத்துவதால் அடிக்கடி சிறுநீர் பிரியும். அயர்வு, நெஞ்செரிச்சல், மலச்சிக்கல், இடுப்பு வலி, மாலையில் பாதங்களில் சிறு வீக்கம், வயிற்றில் கருங்கோடு ஆகியவையும் இயல்பே. இரும்புச்சத்து மாத்திரை உண்போர்க்கு மலம் கறுத்துப் போகும். அதற்கு அஞ்சி மாத்திரையை நிறுத்தலாகாது.

இனி, தாமதிக்கலாகாதவற்றைக் கூறுவோம். வீக்கம் முகத்திலும் கைகளிலும் திடீரெனக் காணுதல், கடுந்தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி ஆகியவை இரத்த அழுத்தம் மிகுந்ததன் அடையாளமாகலாம். அழுத்தம் 140/90 என்னும் அளவை எட்டினாலே மருத்துவரின் கண்காணிப்பு வேண்டும். கவனியாது விட்டால் வலிப்புக் கண்டு, தாய் சேய் இருவர் உயிருக்கும் ஊறு நேரலாம். உதிரப்போக்கு, பனிக்குடம் உடைதல், காய்ச்சல், ஓய்விலும் மூச்சுத் திணறல், நீரும் தங்காத வாந்தி, குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். நள்ளிரவாயினும் விடியட்டும் என்று காத்திருத்தல் தகாது.

நம் இல்லங்களில் தாமதம் எவ்வாறு நேருகிறது? "மருத்துவரிடம் இந்தியில் எப்படிச் சொல்வது? அவர் அலுவலகத்திலிருந்து வரட்டும், ஊரில் அம்மாவைக் கேட்போம்" என்ற தயக்கத்தால்தான். தாயாரைக் கேட்பது நன்றே. ஆயினும் உதிரப்போக்கைத் தொலைபேசியால் நிறுத்த இயலாது. மொழியறிந்த அண்டை வீட்டார் உடன் செல்லுதல் சங்கத்தார் அனைவரின் கடமையாகும். கணவன்மார்களும் இவ்வறிகுறிகளை மனத்திற் பதித்துக்கொள்ளுதல் வேண்டும்.

அறிகுறி ஏதும் இல்லாதபோதும் மருத்துவப் பரிசோதனையை விடலாகாது. நான்காம் மாதம் முதல் கருவுற்றோர்க்கு, ஒவ்வொரு மாதமும் 9-ஆம் நாள் அரசு மருத்துவமனைகளில் இலவசப் பரிசோதனை செய்யும் திட்டம் 2016-இல் தொடங்கியது. பிரசவத்திற்குத் தாய்வீடு செல்வோர் பரிசோதனைச் சீட்டுகளைப் பெட்டியின் அடியில் வையாது கைப்பையிலேயே வைத்துக்கொள்வார்களாக.

வளைகாப்புக்குக் கூடி வாழ்த்தும் நாம், அவசர வேளையிலும் கூடி நிற்போமாக.