மைனரின் விளக்குச் சுவிச்

யாழ்ப்பாணத்துத் தெருவிலே ஒரு மொறிஸ் மைனரோ ஒஸ்ரின் ஏ40 காரோ போனால் இன்றைக்கும் சனம் திரும்பிப் பார்க்கும். பிள்ளைப்பேறுக்கும் கலியாணத்துக்கும் வாடகைக்கு ஓடின கார்கள் அவை. 1990க்குப் பிறகு, பொருளாதாரத் தடைக் காலத்தில், கொஞ்சப் பெற்றோல் காட்டி ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடினதும் அவைதான். உதிரிப்பாகம் கிடையாத அந்த ஆண்டுகள் எங்கள் மெக்கானிக்மாருக்கு ஒரு பழக்கத்தைத் தந்தன: எதையும் மாற்ற முன்னம் திறந்து பார்க்கிறது. அந்தக் கைவேலை எவ்வளவு பெறுமதியானது என்பதை ஒரு சின்னச் சாமானை வைத்தே சொல்லலாம். டாஷ்போட்டிலுள்ள ஹெட்லைற் சுவிச்சைத்தான் சொல்கிறேன்.

அந்தச் சுவிச் எரிந்துபோனால், வேலை தெரிந்தவர் முதலில் பற்றறி வயரைக் கழற்றுவார். சாவியை எடுத்துவிட்டாலும் சுவிச்சுக்கு வருகிற கபில நிற வயரில் மின்சாரம் நிற்கும். அந்த வழியில் பியூசும் இல்லை. இழுக்கிற குமிழின் பக்கத்தில் கடுகளவு ஓட்டை ஒன்று. அதற்குள்ளே ஊசியை வைத்து அமத்தினால் குமிழ் கையோடு வரும். பிறகு வட்ட நட்டைத் திருகி எடுத்தால் சுவிச் பின்பக்கமாக இறங்கும். நீல வயர் ஹெட்லைற்றுக்கு, சிவப்பு வயர் சின்ன லைற்றுக்கு. ஐம்பது அறுபது வருசப் புழுதியில் இரண்டு நிறமும் ஒன்றாய்த்தான் தெரியும். அதனால் வயர்களுக்கு முதலே துண்டு கட்டி அடையாளம் வைக்க வேணும்.

கழற்றிப் பூட்டுவது பெரிய கெட்டித்தனம் இல்லை. சுவிச் ஏன் எரிந்தது என்று கேட்கிறவர்தான் கெட்டிக்காரர். பழைய 42 வாற் பல்ப் இரண்டுக்கும் சேர்த்து 7 அம்பியர்தான் ஓடும். வெளிச்சம் காணாதென்று 100 வாற் ஹலஜன் போட்டால் அது 16க்கும் மேலே போகும். கடற்காத்தில் களிம்பேறின பித்தளைத் தொடுப்பு அந்தச் சூட்டைத் தாங்குமா? புதுச் சுவிச் வாங்கிப் பூட்டினாலும் அதுவும் கருகும். கருகின தொடுப்பை எமறித் தாளால் தேய்த்து, சுருள்வில்லை இறுக்கி, சுமையை றிலேயில் ஏற்றிவிடுகிறவருக்கே நான் முழுப் புள்ளி கொடுப்பேன். இன்னுமொரு நுட்பமும் உண்டு. இந்தக் கார்களில் பொடியோடு சேர்வது பொசிற்றிவ். உள்ளே டயோட் உள்ள றிலேயைத் திசை பார்க்காமல் பூட்டினால் அது அந்த நிமிசமே போய்விடும்.

டாஷ்போட்டில் புது ஓட்டை துளைத்து பிளாஸ்ரிக் சுவிச் செருகுகிற வேலையை நான் வேலையென்றே எண்ணுவதில்லை, வெளிச்சம் என்னவோ வரும்தான்.

பழைய கார் வைத்திருக்கிறவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். கராஜில் சுவிச் மாற்றினால் கழற்றின பழையதைக் கேட்டு வாங்கி வையுங்கோ. உள்ளே இருப்பது பித்தளையென்றால் அதைத் திருத்தலாம்.